பிளைட் சீட்ல இடுப்பு முட்டி வலிக்காம போறது எப்படி: டெல்லில இருந்து ஊருக்கு போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

டெல்லில இருந்து சென்னை, கோயம்புத்தூர், மதுரைன்னு எங்க போனாலும் பிளைட்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம் உக்காரணும், அதுல டிசம்பர் ஜனவரி பனி வந்துடுச்சுன்னா கதவ சாத்தினதுக்கப்புறமும் கிளம்பாம உள்ளயே உக்கார வெச்சிடுவாங்க, அப்ப அது நாலு அஞ்சு மணி நேரமா ஆயிடும். மயூர் விஹார்ல எங்க சொசைட்டில இருக்க பெரியவங்க நிறைய பேருக்கு டிக்கெட் போட்டு சீட் புடிச்சு குடுக்கற வேலை ரொம்ப நாளா என்கிட்ட தான் இருக்கு. எல்லாரும் ஒரே மாதிரி தான் கேப்பாங்க, "கால் நீட்ட இடம் இருக்கற சீட்டா பாத்து போடுப்பா"ன்னு. ஆனா போயிட்டு வந்தவங்ககிட்ட எங்க வலிச்சதுன்னு உக்கார்ந்து கேட்டா பாதி பேருக்கு முட்டி இடிச்சதே இல்ல, ஒருத்தருக்கு கீழ் முதுகு, ஒரு மாமிக்கு தொடைக்கு அடில மரத்து போச்சு, இன்னொருத்தருக்கு கழுத்து. கால் நீட்ட இடத்துக்குன்னு எக்ஸ்ட்ரா காசு குடுத்தது இவங்க யாருக்குமே உதவல. அதனால இந்த வழிகாட்டில சீட் மேப்ப விட்டுட்டு முதல்ல சீட்டு, அப்புறம் உங்க உடம்பு, அப்புறம் தான் எந்த ரோன்னு போகப்போறேன்.

1. பிட்ச்னா லெக்ரூம் இல்ல

டிக்கெட் சைட்ல 29 இன்ச், 30 இன்ச்னு போட்டிருக்கும். அது உங்க காலுக்கு இருக்கற இடம்னு நெனைச்சிடாதீங்க. உங்க சீட்ல ஒரு புள்ளி, முன் சீட்ல அதே புள்ளி, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் தான் பிட்ச், அதுக்குள்ள முன் சீட் முதுகோட தடிமனும் சேர்ந்தே வருது. ஆக தடியான பழைய சீட் போட்ட 30 இன்ச்சும் மெல்லிசான புது சீட் போட்ட 29 இன்ச்சும் முட்டிக்கு ஒரே மாதிரி இருக்கலாம், சில சமயம் 29 தான் நல்லா இருக்கும். ரெக்காரோ, சாஃப்ரான், காலின்ஸ் மாதிரி கம்பெனிங்க செய்யற இப்போதைய மெல்லிசு சீட்ல பத்திரிக்கை வெக்கற பாக்கெட்ட முட்டி பக்கத்துல இருந்து தூக்கி ட்ரே டேபிளுக்கு மேல வெச்சிருப்பாங்க, அந்த ஒரு மாத்தத்துலயே முட்டிக்கு நல்ல இடம் கிடைச்சுது. இத நான் மனசார பாராட்டறேன். ஆனா அதே சீட்ல குஷனையும் ஒல்லியாக்கிட்டாங்க, எடை ஒரு ஆளுக்கு 10 கிலோவுக்கும் கீழ வர்ற அளவுக்கு. முட்டிக்கு கிடைச்சத பின்பக்கத்துல இருந்து எடுத்துட்டாங்கன்னு தான் சொல்லணும்.

பிட்ச் ஏன் இவ்ளோ ஈஸியா மாறுதுன்னா, சீட்டுங்கள தரையில ஸ்க்ரூ போட்டு நிரந்தரமா மாட்டறதில்ல. தரையில நீள நீளமா தண்டவாளம் மாதிரி டிராக் இருக்கு, அதுல ஒரு இன்ச்சுக்கு ஒரு பூட்டு எடம். வேணுங்கற தூரத்துல நகர்த்தி பூட்டிக்கலாம். இப்ப ஒரு ஏர்பஸ் ஏ320 பிளேன்ல 30 ரோ, 180 சீட் இருக்குன்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு ரோவுலயும் ஒரே ஒரு இன்ச் எடுத்தா 30 இன்ச் சேருது, அது இன்னொரு முழு ரோ, 6 டிக்கெட். ஒரு இன்ச் தானேன்னு நமக்கு தோணும், கம்பெனிக்கு ஒவ்வொரு ட்ரிப்புலயும் ஆறு டிக்கெட் காசு.

இதுக்கு சட்டப்படி ஒரு அளவே இல்லையான்னு நிறைய பேர் கேக்கறாங்க. பிரிட்டன்ல 1989லயே ஒரு கணக்கு வெச்சாங்க, உங்க முதுகு சாயற எடத்துல இருந்து முன் சீட் வரைக்கும் குறைஞ்சது 26 இன்ச்னு. முன் சீட்டோட தடிமன சேர்த்து பாருங்க, சுத்தி சுத்தி 28 இன்ச் பிட்ச்ல வந்து நிக்கும், பட்ஜெட் ஏர்லைன்ஸ் எல்லாம் ஏன் 28லயே நிக்குதுன்னு இதுல கொஞ்சம் புரியும். அமெரிக்கால பயணிகள் அமைப்பு ஒண்ணு கோர்ட்டுக்கு போச்சு, சராசரி பிட்ச் 35ல இருந்து 31க்கு வந்துடுச்சு, சிலதுல 28ன்னு சொல்லி. 2017ல கோர்ட் அவங்க பக்கம் கொஞ்சம் சாஞ்சுது, 2018ல குறைந்தபட்ச அளவு வைக்க சொல்லி சட்டமும் வந்துச்சு, அங்க இருக்கற விமான நிர்வாகம் ஓக்லஹோமா சிட்டில ஆளுங்கள உக்கார வெச்சு எவ்ளோ வேகமா வெளிய இறங்கறாங்கன்னு டெஸ்ட் எடுத்துச்சு. 28 இன்ச் இருந்தா இறங்கற வேகம் குறையலன்னு ரிசல்ட். ஆனா அந்த டெஸ்ட்ல உக்கார்ந்தவங்க எல்லாம் 60 வயசுக்கு கீழ, திடகாத்திரமானவங்க. முட்டி ஆபரேஷன் பண்ண நம்ம வீட்டு பாட்டியோ தாத்தாவோ அந்த கணக்குலயே இல்ல, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். அதோட அவங்க அளந்தது வெளிய இறங்க முடியுதான்னு தான், மூணு மணி நேரம் வலிக்காம உக்கார முடியுதான்னு இல்ல.

சீட் இவ்ளோ கெட்டியா ஏன் இருக்குன்னா அதுக்கு நியாயமான காரணம் இருக்கு. 1988ல வந்த விதிப்படி புது டிசைன் சீட்ட 16 ஜி அதிர்ச்சில டெஸ்ட் பண்ணணும், அதாவது உங்க எடைய போல 16 மடங்கு முன்னாடி இழுத்தாலும் சீட் தரைய விட்டு பிச்சுக்க கூடாது, தலை முன்னாடி மோதினாலும் ஒரு அளவுக்கு மேல அடி படக்கூடாது. அதே மாதிரி 1983ல ஏர் கனடா பிளைட் ஒண்ணு தீ புடிச்சு சின்சினாட்டில இறங்குச்சு, 23 பேர் இறந்துட்டாங்க, அடுத்த வருஷமே குஷனுக்கு தீ தாங்கற உறை கட்டாயம்னு ரூல் வந்துச்சு. ஆக உங்க சோபா ஃபோம எடுத்து பிளைட்ல போட முடியாது.

2. வீட்லயே உடம்ப அளந்துக்கோங்க

டேப் எடுங்க. செவுத்துல முதுகும் பின்பக்கமும் நல்லா ஒட்டற மாதிரி ஸ்டூல்ல உக்காருங்க, செவுத்துல இருந்து முட்டி முனை வரைக்கும் அளங்க. இது தான் உங்க நிஜமான லெக்ரூம் தேவை. 23 இன்ச்சுக்குள்ள வந்தா சாதாரண எகானமி சீட்ல முட்டி இடிக்காது, எக்ஸ்ட்ரா லெக்ரூமுக்கு காசு போடாதீங்க. 24, 25க்கு மேல போச்சுன்னா போடலாம்.

அடுத்தது யாருமே அளக்காத அளவு, ஆனா எனக்கு இது தான் முக்கியம். உக்கார்ந்தபடி தரையில இருந்து முட்டிக்கு பின்னாடி மடிப்பு வரைக்கும். விமான சீட்டோட உயரம் 17, 18 இன்ச் கிட்ட இருக்கும். உங்களுக்கு அந்த மடிப்பு 15 இன்ச் தான்னா கால் தரையில முழுசா படியாது, தொங்கும், தொங்கினா சீட்டோட முன் விளிம்பு தொடைக்கு அடில அழுத்தும், ரத்த ஓட்டம் குறையும், மரத்துப்போகும், அத தவிர்க்க தெரியாமலே முன்னாடி சறுக்கி உக்காருவாங்க, உடனே கீழ் முதுகுக்கு சப்போர்ட் போயிடும். அஞ்சடி ரெண்டு இன்ச்சுக்கு கீழ இருக்கற அம்மாக்கள் பாதி பேருக்கு நடக்கறது இது தான். அவங்களுக்கு எக்ஸ்ட்ரா லெக்ரூம் சீட் குடுத்தா இன்னும் மோசம், ஏன்னா கால் வெக்க முன்னாடி ஒண்ணுமே இருக்காது.

மூணாவது இடுப்பு அகலம். ரெண்டு பக்கமும் புக் வெச்சு நடுவுல அளந்தா போதும். 17 இன்ச்சுக்கு மேல வந்துச்சுன்னா அடுத்த ஸ்டெப் உங்களுக்கு தான்.

3. என்ன பிளேன்னு பாருங்க

புக் பண்ணும்போது பிளைட் நம்பர் பக்கத்துல சின்னதா எழுதியிருக்கும், ஏ320, ஏ321, 737 அப்படின்னு. ஏ320 குடும்பத்தோட உள் அகலம் 3.70 மீட்டர், போயிங் 737க்கு 3.53 மீட்டர், ரெண்டுலயும் ஒரே ஆறு சீட். அதனால ஏ320ல சீட் ஒண்ணுக்கு கிட்டத்தட்ட 18 இன்ச், 737ல 17 இன்ச். ஒரு இன்ச் வித்தியாசம் தோள் அகலமா இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும், ரேட் சமமா இருந்தா நான் ஏ320 தான் எடுப்பேன். ஊருக்கு போய் சின்ன ஏர்போர்ட்டுக்கு மாறும்போது ஏடிஆர் 72ன்னு சின்ன பிளேன் வரும், அதுல ரெண்டு ரெண்டு சீட், நடு சீட்டே கிடையாது, ஆனா பேக் வெக்கற மேல் பெட்டி சின்னது.

கடைசி நேரத்துல பிளேன மாத்துவாங்க, அது நம்ம கைல இல்ல. அதனால கிளம்பற அன்னிக்கு காலைல ஒரு தடவ சீட் நம்பர திரும்ப செக் பண்ணுங்க.

இன்னொரு விஷயம், ஜன்னல் வேணும்னு ஆசையா எடுத்துட்டு செவுத்த பாத்துக்கிட்டு போறவங்க நிறைய. ஜன்னல்ங்க பிளேனோட எலும்புக்கூட்டு இடைவெளில வரும், ஏ320ல அது 21 இன்ச்சுக்கு ஒண்ணு, சீட்டுங்க 28, 29 இன்ச்சுக்கு ஒண்ணு, ரெண்டும் ஒத்துப்போகாது. 737ல இறக்கைக்கு கொஞ்சம் முன்னாடி இடது பக்கம் ஒரு எடத்துல ஏசி குழாய் மேல போறதுனால ஜன்னலே இருக்காது. குழந்தைக்கு ஜன்னல்னு வாக்கு குடுத்துட்டு அந்த சீட்ல மாட்டிக்காதீங்க.

4. சீட் மேப்ப படிக்கறது

முதல் ரோ, அதாவது முன்னாடி செவுரு இருக்கற ரோ. முன்னாடி யாரும் சாய மாட்டாங்க, சீக்கிரம் இறங்கலாம். ஆனா ட்ரே டேபிள் கைப்பிடிக்குள்ள மடிஞ்சு இருக்கும், அதனால கைப்பிடி மேல தூக்காது, உக்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். குண்டா இருக்கறவங்க இங்க வரவே வேண்டாம். கைப்பைய காலடில வெக்க விடமாட்டாங்க, மேல வெச்சிடணும், மாத்திரை எடுக்கணும்னா எந்திரிக்கணும்.

எக்ஸிட் ரோ, அதாவது அவசர கதவு இருக்கற ரோ. ஏ320ல இறக்கை மேல ரெண்டு ரோ அடுத்தடுத்து. இதுல ரெண்டாவது ரோ தான் நல்லது. ஏன்னா முதல் எக்ஸிட் ரோ சாஞ்சா ரெண்டாவதோட வழிய மறைக்கும், அதனால பெரும்பாலும் அத சாய விடாம பூட்டியிருப்பாங்க, அதே காரணத்துக்காக எக்ஸிட்டுக்கு நேர் முன்னாடி இருக்கற சாதாரண ரோவும் சாயாது. அந்த சாதாரண ரோ தான் நான் முழு பிளேன்லயும் எடுக்கவே கூடாதுன்னு சொல்றது, லெக்ரூமும் கிடையாது, சாயவும் சாயாது, மேப்ல பாத்தா மத்த சீட் மாதிரியே இருக்கும். ஏ321ல கதவு எங்க இருக்குங்கறது மாடலுக்கு மாடல் மாறும், அங்க மேப்ல எக்ஸிட் குறி எங்கன்னு பாத்து கணக்கு போட்டுக்கோங்க. எக்ஸிட் ரோ உடம்பு திடமா இருக்கறவங்களுக்கு மட்டும் தான் குடுப்பாங்க, கர்ப்பிணிங்க, குழந்தைங்க, உதவி தேவைப்படறவங்களுக்கு குடுக்க மாட்டாங்க, அது சரியான ரூல், ஆபத்துன்னா அந்த கதவ நீங்க தான் திறக்கணும்.

கடைசி ரோ சாயறது சந்தேகம், பாத்ரூம் க்யூ உங்க தோள்ல இடிச்சிட்டே நிக்கும்.

ஆட்டம் பயம் இருக்கறவங்க இறக்கை மேல உக்காருங்க, பிளேனோட எடை மையம் அங்க தான் இருக்கு, வால்ல தான் ஆட்டம் ஜாஸ்தி தெரியும். சத்தம் புடிக்காதவங்க இறக்கைக்கு முன்னாடி உக்காருங்க, இன்ஜினுக்கு பின்னாடி போனா இரைச்சல் ஏறும்.

முட்டி மடக்க முடியாதவங்களுக்கு ஒரு சின்ன கணக்கு. சி சீட்ல உக்கார்ந்தா நடைபாதை உங்க வலது பக்கம், டி சீட்ல உக்கார்ந்தா இடது பக்கம். வலது முட்டி பிரச்சனைன்னா சி, இடது முட்டின்னா டி, அந்த கால அப்பப்ப பாதைல நீட்டிக்கலாம் (ட்ராலி வரும்போது மட்டும் உள்ள இழுத்துக்கோங்க, குதிகால்ல ஏறிச்சுன்னா உயிர் போகும்). தூங்கறவங்களுக்கும் இப்படி தான், ஏ சீட்ல இடது பக்கம் சாயணும், எஃப் சீட்ல வலது பக்கம், எந்த தோள் வலியோ அதுக்கு எதிர் பக்கம் எடுங்க.

வெயில் கணக்கும் இருக்கு. டெல்லில இருந்து தெக்க போறோம், அப்ப கிழக்கு இடது கை பக்கம். காலைல பிளைட்டுன்னா ஏ பக்கம் வெயில் மூஞ்சில அடிக்கும், எஃப் எடுங்க. சாயங்காலம்னா ஏ. ஊர்ல இருந்து திரும்பும்போது அப்படியே தலைகீழ்.

5. காசு குடுக்கணுமா

வெப் செக்கின் பொதுவா 48 மணி நேரம் முன்னாடி திறக்கும், அப்ப இலவச சீட்டுன்னு மிச்சம் இருக்கறது நடு சீட்டும் பின்னாடியும் தான் பெரும்பாலும். மூணு மணி நேரத்துக்கு நான் காசு குடுக்க சொல்ற ஆளுங்க மூணு வகை: முட்டி அளவு 24க்கு மேல இருக்கறவங்க (எக்ஸிட் ரோ), பாத்ரூம் அடிக்கடி போற பெரியவங்க (முன் பக்கம் ஐல், அதாவது நடைபாதை ஓர சீட்), அப்புறம் முதுகு பிரச்சனை இருக்கறவங்க (சாயற ரோன்னு உறுதியா தெரிஞ்சது). மத்தவங்க அந்த காச ஏர்போர்ட் டாக்ஸிக்கு வெச்சுக்கலாம்.

குழந்தை கூட போறவங்க பயந்து போய் காசு கட்டாதீங்க. 2024 ஏப்ரல்ல நம்ம நாட்டு விமான ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ சொல்லிடுச்சு, ஒரே பிஎன்ஆர்ல போற 12 வயசு வரைக்கும் குழந்தைக்கு அப்பா அம்மா யாராவது ஒருத்தர் பக்கத்துல சீட் குடுத்தே ஆகணும்னு. தனியா போட்டிருந்தா கவுன்டர்ல இத சொல்லி கேளுங்க, பொறுமையா ஆனா விடாம.

முதுகு ரொம்ப மோசமா இருக்கு, டாக்டர் ரொம்ப நேரம் உக்கார கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னா கொஞ்சம் பெரிய சீட்ட யோசிங்க. இண்டிகோவே 2024 நவம்பர்ல டெல்லி மும்பை ரூட்ல ஸ்ட்ரெச்னு ஆரம்பிச்சாங்க, 12 சீட், ரெண்டு ரெண்டா, 38 இன்ச் பிட்ச். உங்க ரூட்ல, உங்க தேதில இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

6. உக்கார்ந்த உடனே சீட்ட செட் பண்ணுங்க

இது தான் முக்கியமான ஸ்டெப். நல்ல ரோ கிடைக்கலன்னாலும் இத பண்ணா பாதி வலி போயிடும்.

பின் பாக்கெட்ல இருக்கற பர்ஸ எடுங்க. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு மூணு மணி நேரம் உக்கார்ந்தா இடுப்பு கோணும். அப்புறம் பின்பக்கத்த சீட்டோட கடைசி வரைக்கும் தள்ளி உக்காருங்க, பாதில உக்காராதீங்க.

மெல்லிசு சீட்ல கீழ் முதுகு பக்கம் தட்டையா இருக்கும், நம்ம முதுகுத்தண்டு அங்க உள்வாங்கி வளைஞ்சிருக்கும், நடுவுல காத்து. அந்த இடைவெளிய நிரப்பணும். ஒரு சால்வையோ துண்டோ சுருட்டி பெல்ட் கட்டற எடத்துக்கு கொஞ்சம் மேல வைங்க, ரொம்ப ஒல்லியா இருந்தா பத்தாது, அதிகமாவும் வேண்டாம், வெச்சு சாஞ்சா அழுத்தற மாதிரி இல்லாம தாங்கற மாதிரி இருக்கணும். டெல்லி குளிருக்கு எப்படியும் சால்வை கையில இருக்கும், தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம்.

கால் எட்டாதவங்களுக்கு: கைப்பைய முன் சீட்டுக்கு அடில படுக்க வைங்க, அது மேல பாதத்த வைங்க. கிளம்பும்போதும் இறங்கும்போதும் பை முழுசா உள்ள இருக்கணும், மேல போனதுக்கப்புறம் கொஞ்சம் வெளிய இழுத்துக்கலாம். முட்டி இடுப்பு உயரத்துக்கு வந்துச்சா, தொடை விளிம்புல அழுத்தம் போச்சான்னு கைய விட்டு பாருங்க. எங்க சொசைட்டி மாமி ஒருத்தங்க இதுக்குன்னே சின்ன கெட்டியான பை ஒண்ணு வெச்சிருக்காங்க, உள்ள புடவை அடுக்கி, மேல கால் வெச்சா அமுங்காத மாதிரி. ஊதி வெக்கற ஃபுட்ரெஸ்ட் ஆன்லைன்ல விக்குது, சில ஏர்லைன்ஸ் அத அனுமதிக்கறதில்ல, அதுக்கு இந்த பையே மேல்.

சீட் குஷன் மெல்லிசா இருக்குன்னு வீட்ல இருந்து குஷன் கொண்டு போறவங்க ஒண்ணு யோசிங்க, குஷன் போட்டா உயரம் ஏறும், ஏற்கனவே கால் எட்டாதவங்களுக்கு இன்னும் தொங்கும். அவங்க குஷன் போட்டா கால் பையும் கண்டிப்பா வேணும். வால் எலும்பு வலி இருக்கறவங்களுக்கு பின்னாடி வெட்டு விட்ட குஷன் நல்லா வேலை செய்யும்.

கழுத்து தலையணைய எல்லாரும் பின்னாடி தடிமன் வர்ற மாதிரி போடறாங்க, அது தலைய முன்னாடி தள்ளும், தூக்கம் வந்தா நாடி நெஞ்சுல இடிக்கும். திருப்பி முன்னாடி தாடைக்கு கீழ தடிமன் வர்ற மாதிரி போடுங்க. ஹெட்ரெஸ்ட் மேல கீழ நகரும், ரெண்டு பக்கமும் மடியும், நிறைய பேர் தொட்டே பாக்கறதில்ல.

முன் சீட் கீழ் பாக்கெட்ல தண்ணி பாட்டில், சார்ஜர், டப்பான்னு திணிச்சு வெச்சா உங்க முட்டி எடத்த நீங்களே அடைச்சுக்கறீங்க. காலி பண்ணுங்க.

நடைபாதை பக்க கைப்பிடி தூக்காதுன்னு தான் எல்லாரும் நெனைக்கறாங்க. நிறைய சீட்ல அதுக்கு அடியில, கீல் பக்கத்துல ஒரு பட்டனோ சின்ன லீவரோ ஒளிஞ்சிருக்கும், அத அமுக்கினா தூக்கலாம். வீல்சேர்ல இருந்து மாறி உக்கார்றவங்களுக்கும் முட்டி மடங்காதவங்களுக்கும் இது பெரிய உதவி. கிளம்பும்போதும் இறங்கும்போதும் திரும்ப கீழ இறக்கிடணும்.

7. சாயறது

சாஞ்சு உக்கார்ந்தா முதுகுத்தண்டு டிஸ்க் மேல அழுத்தம் குறையும், அதனால ரெண்டு மூணு இன்ச் சாஞ்சாலும் அது முதுகுக்கு நிஜமான ஓய்வு. சாயறது தப்பில்ல, அது உங்க சீட்டோட வேலை. ஆனா பின்னாடி ஒரு தடவ திரும்பி பாருங்க, சாப்பாடு வெச்சிருக்காங்களா, லேப்டாப் திறந்திருக்கான்னு, "கொஞ்சம் சாய்ச்சுக்கறேங்க"ன்னு சொல்லிட்டு மெதுவா சாயுங்க. சாப்பாட்டு நேரத்துல நேர் பண்ணிடுங்க. சில பிளேன்ல சீட்டே சாயாது, கொஞ்சம் சாஞ்ச கோணத்துலயே பூட்டி வெச்சிருப்பாங்க, அங்க பட்டன தேடி நேரம் வீணாக்காம சால்வை வேலைய பாருங்க.

8. உள்ள இருக்கற காத்து

கேபின் அழுத்தம் அதிகபட்சமா 8000 அடி உயரத்துக்கு சமமா இருக்கும், ஊட்டி 7350 அடி கிட்ட, ஆக ஊட்டிய விட கொஞ்சம் மேல உக்கார்ந்திருக்கற மாதிரி. வயித்துல இருக்கற காத்து விரியும், இடுப்புல இறுக்கி கட்டின பேன்ட், பாவாடை நாடா எல்லாம் அப்ப தான் உறுத்தும். கிளம்பறதுக்கு முன்னாடியே தளர்த்திக்கோங்க. வயிறு முட்ட சோலே பட்டூரா சாப்ட்டு ஏறாதீங்க. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போயிடும், கண்ணு வறண்டவங்க சொட்டு மருந்த கையில வைங்க, தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. பாத்ரூம் போகணுமேன்னு பயந்து தண்ணியே குடிக்காம வர்ற பெரியவங்களுக்கு தான் ஐல் சீட் போடணும்னு நான் மேல சொன்னது.

9. நாலு மணி நேரத்துக்கு மேல போறவங்க

பிள்ளைங்கள பாக்க டெல்லில இருந்து நேரா அமெரிக்கா போறவங்க 15, 16 மணி நேரம் உக்காரணும், அங்க விஷயமே வேற. உலக சுகாதார நிறுவனம் 2007ல சொன்ன முடிவு, நாலு மணி நேரமோ அதுக்கு மேலயோ அசையாம உக்கார்ந்து பயணம் பண்ணா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது. பொதுவா பாத்தா 6000 பேர்ல ஒருத்தருக்கு அளவுல தான், பதற வேண்டாம். ஆனா யாருக்கு ஜாஸ்தின்னு அவங்க சொன்ன லிஸ்ட்ல ரொம்ப உயரமானவங்க கூடவே 1.60 மீட்டருக்கு குள்ளமானவங்களும் இருக்காங்க, உடல் பருமன் இருக்கறவங்க, கருத்தடை மாத்திரை எடுக்கறவங்களும் இருக்காங்க. கால் எட்டாத விஷயத்த நான் ஏன் இவ்ளோ வற்புறுத்தறேன்னு இப்ப புரியும்.

என்ன பண்ணணும்னா, ஐல் சீட் எடுங்க, முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எந்திரிச்சு ஒரு தடவ நடங்க, உக்கார்ந்திருக்கும்போது குதிகால ஊனி விரல தூக்கறது, விரல ஊனி குதிகால தூக்கறதுன்னு கெண்டைக்கால் சதைய வேலை வாங்குங்க. ஏற்கனவே கால்ல ரத்தம் உறைஞ்சவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க டாக்டர கேக்காம ஏறாதீங்க, கால இறுக்கி புடிக்கற ஸ்டாக்கிங்ஸ் போடறதுன்னாலும் சரியான சைஸ் அவர கேட்டே வாங்குங்க.

பெரிய பிளேன்ல சீட் அகலம்: ஏ350ல ரோவுக்கு 9 சீட்னா சுமார் 18 இன்ச், 787ல 9 சீட்னா 17 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல, 777ல சில ஏர்லைன்ஸ் 9 சீட், நிறைய பேர் 10 சீட், பத்துன்னா 17 தான். 787, ஏ350 ரெண்டுலயும் கேபின் அழுத்தம் 6000 அடி அளவுலயே வெச்சிருப்பாங்க, இறங்கினதும் தலைபாரம் கம்மியா இருக்கும், வயசானவங்களுக்கு நான் இத தான் தேடி போடுவேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர்னா 777ல பின்னாடி கடைசி சில ரோவ பாருங்க, பிளேன் அங்க குறுகறதுனால நிறைய ஏர்லைன்ஸ்ல ஓரத்துல மூணுக்கு பதிலா ரெண்டு சீட் தான் இருக்கும், மூணாவது ஆள தாண்டி எந்திரிக்க வேண்டாம். நீள பிளைட்ல சில சீட்டுக்கு அடில டிவியோட எலக்ட்ரானிக் பெட்டி ஒண்ணு இருக்கும், ஒரு கால் வெக்கற எடத்த அது அடைச்சிடும், மேப்ல தெரியாது, உக்கார்ந்ததும் குனிஞ்சு பாருங்க.

10. வீல்சேர், அப்புறம் சீட் ரிப்பேர்

வீல்சேர டிக்கெட் போடும்போதே சேர்த்துடுங்க, ஏர்போர்ட்ல போய் கேட்டா காத்திருக்கணும். முக்கியமா பஸ்ல கூட்டிட்டு போய் படி ஏத்தற போர்டிங் கேட் வந்துடுச்சுன்னா படி ஏற முடியாதுங்கறத புக்கிங்லயே தெளிவா குறிக்கணும், அப்ப தான் லிஃப்ட் வண்டி வரும். "கொஞ்சம் நடப்பாங்க, படி ஏற மாட்டாங்க"ன்னு சொல்ற ஆப்ஷன் தனி, "சீட் வரைக்கும் கூட்டிட்டு போகணும்"ங்கற ஆப்ஷன் தனி. பிள்ளைங்க இதுல அவசரத்துல முதல்ல கண்ணுல படற ஆப்ஷன அமுக்கிட்டு விட்டுடறாங்க. முதல் பத்து ரோவுக்குள்ள ஐல் சீட் போடுங்க.

சீட் சாயல, குஷன் நழுவுது, ட்ரே உடைஞ்சிருக்கு, பெல்ட் பூட்டல, எதுவா இருந்தாலும் கதவு மூடறதுக்கு முன்னாடியே க்ரூகிட்ட சொல்லுங்க, அப்ப தான் காலி சீட் எதுன்னு பாத்து மாத்த முடியும். பெல்ட் பத்தலன்னா எக்ஸ்டென்ஷன் கேளுங்க, அவங்ககிட்ட எப்பவும் இருக்கும், வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. மேல போனதுக்கப்புறம் தெரிஞ்சுதுன்னா சீட் நம்பரோட ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, காசு குடுத்து எடுத்த சீட்டா இருந்தா இறங்கின அன்னிக்கே பிஎன்ஆர் போட்டு எழுதி அந்த காச திரும்ப கேளுங்க.